இரண்டாகப் பிளந்த விசைப்பலகையும் கூட்டாகக் கொடுக்கும் முன்பணமும்

கணக்கு எழுதுவோர், மொழிபெயர்ப்போர், அச்சகங்களில் பக்கம் அமைப்போர், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதும் பிள்ளைகள் எனக் கணினி விசைப்பலகையே பிழைப்பாகிவிட்ட குடும்பங்கள் இன்று நம்மிடையே ஏராளம். மாலையானால் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொள்வது அவ்வீடுகளில் வழக்கமான காட்சி. தைலம் தேய்க்கின்றனர், நாற்காலியை மாற்றுகின்றனர், மேசையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கின்றனர். பத்து விரலும் நாள் முழுதும் தொட்டுக்கொண்டிருக்கும் பலகையை மட்டும் மாற்ற எண்ணுவதில்லை. அது கணினியோடு வந்த பொருள். அது அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகின்றனர்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று கருதிய சிலர், தமக்கு வேண்டிய பலகையைத் தாமே வரைந்து, முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோரிடம் முன்கூட்டியே பணம் திரட்டி, தொழிற்சாலையில் செய்வித்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை மேலைநாடுகளில் உண்டாக்கினர். கூட்டுக் கொள்முதல் என்பது அதன் பெயர். பலகை கைக்கு இசைந்ததா என்பது ஒரு கேள்வி. இன்னும் செய்யப்படாத பொருளுக்கு, முகம் பார்த்திராத ஒருவரிடம் முழுப் பணத்தையும் கொடுப்பது மார்க்கத்துக்கு இசைந்ததா என்பது மற்றொரு கேள்வி. எந்த நாட்டுக் கொள்முதலிலும் எவரும் வீட்டிலிருந்தபடியே சேரலாம் என்றாகிவிட்ட இந்நாளில் இரண்டையும் சேர்த்தே ஆராய வேண்டியிருக்கிறது.

நெம்புகோல் போயிற்று, சாய்வு போகவில்லை

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வாழ்ந்த கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் 1868இல் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1874இல் ரெமிங்டன் நிறுவனத்தார் அவருடைய பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அப்பொறியில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நெம்புகோல் ஓடியது. ஒரு வரிசையின் நெம்புகோல் அடுத்த வரிசையின் நெம்புகோலில் மோதாதிருக்க வேண்டுமானால் வரிசைகள் ஒன்றுக்கொன்று சற்று விலகி நிற்க வேண்டும். விசைகள் நேராக அமையாமல் இடப்பக்கம் சாய்ந்து ஏறுவதன் காரணம் இதுவே. இன்றைய பலகையில் நெம்புகோல் ஏதும் கிடையாது. சாய்வு மட்டும் ஒன்றரை நூற்றாண்டாக நிலைத்துவிட்டது. தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் தேர்வுகளுக்காக நம் பெற்றோர் பழகிய சாய்வும் அதுதான்.

இப்பலகையின்மேல் கைகளை வைத்துப் பாருங்கள். தோள்கள் அகன்றிருக்கின்றன, கைகளோ நெஞ்சுக்கு நேரே ஒரு முழ அகலத்துக்குள் நெருங்கி வரவேண்டியிருக்கிறது. முன்கை சாய்வாக வருகிறது. விரல்கள் நேராக நிற்க வேண்டும். இவ்விரண்டையும் ஒத்துப்போகச் செய்யும் சுமை மணிக்கட்டின்மேல் விழுகிறது. அது சுண்டுவிரல் பக்கமாக மடங்குகிறது. உள்ளங்கை தரையைப் பார்க்குமாறு முன்கையும் முறுகுகிறது. விரல்களுக்குள் பணிப் பங்கீடும் நேர்மையாக இல்லை. விரல்களிலேயே வலிய பெருவிரல்கள் இரண்டுக்கும் சேர்த்து இடைவெளிப் பட்டை ஒன்றே பணி. எளிய சுண்டுவிரலுக்கோ ஷிஃப்ட், என்டர், அழிக்கும் விசை, கன்ட்ரோல் என்று கணக்கில்லாத பணி. எந்த முதலாளியாவது தம் கடையில் இப்படி ஆள் வைப்பாரா?

பலகையை இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் தள்ளிவைத்தால் என்ன என்ற எண்ணம் பழையது. கார்ல் குரோமர் என்ற ஆய்வாளர் பிளந்த பலகையைச் சோதித்து 1972இல் கட்டுரை எழுதினார். இங்கிலாந்தில் தட்டச்சுப் பயிற்சியாளரான லில்லியன் மால்ட் என்ற பெண்மணியும் ஸ்டீபன் ஹாப்டே என்ற பொறியாளரும் 1970களில் மால்ட்ரான் என்ற பலகையை உருவாக்கினர். விரல்களின் நீளத்துக்கேற்பக் கிண்ணம்போல் குழிந்த பலகை அது. 1994இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நடுவில் வளைந்து விரிந்த ஒரு பலகையை மலிவாக விற்றது. அது ஒரே துண்டுதான். பழைய சாய்வும் அதில் இருந்தது. ஆயினும் சாதாரண அலுவலகங்களுக்குள் நுழைந்தது அதுவே.

மருந்து என்று எண்ணி எவரும் ஏமாற வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மணிக்கட்டு நரம்பு அழுத்த நோய்க்கு இத்தகைய பலகைகளும் கருவிகளும் பயன்படுகின்றனவா என்று காக்ரேன் அமைப்பார் 2012இல் கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். பயன் உண்டென்றோ இல்லையென்றோ அறுதியிட்டுச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. பிளந்த பலகை மணிக்கட்டை நேராக வைக்க இடம் கொடுக்கிறது, அவ்வளவே. இரவில் விரல் மரத்துப்போகிறவர்கள், பொருள்களைப் பிடிக்க முடியாமல் நழுவவிடுகிறவர்கள் முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஒருவர் வரைந்த படம்

பிளந்த பலகைகளின் வரலாற்றில் எர்கோடாக்ஸ் என்ற பெயருக்குத் தனி இடம் உண்டு. 'டாக்ஸ்' என்ற புனைபெயரால் அறியப்பட்ட ஒருவர், விசைப்பலகை ஆர்வலர்கள் பலருடன் கலந்து 2011, 2012ஆம் ஆண்டுகளில் இதை வடிவமைத்தார். அதற்கான படங்களையும் நிரலையும் மறைத்து வைக்காமல் எவரும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். பின்னால் வந்த பல பிளந்த பலகைகளுக்கு இதுவே தாய்.

அதன் அமைப்பை அறிந்துகொள்வது கடினமன்று. இரண்டு பாதிகள், பாதிக்கு 38 ஆக மொத்தம் 76 விசைகள். வரிசைகளின் சாய்வை அடியோடு நீக்கிவிட்டு, ஒவ்வொரு விரலுக்கும் நேராக ஒரு நிரல் வைத்தார்கள். நடுவிரல் நீண்டது, ஆதலால் அதன் நிரல் சற்று மேலேறி நிற்கும். சுண்டுவிரல் குட்டையானது, அதன் நிரல் இறங்கி நிற்கும். பெருவிரல் ஒவ்வொன்றுக்கும் 6 விசைகள் கொண்ட ஒரு தனிக் கொத்து. ஆக, சுண்டுவிரல் சுமந்த சுமையில் பெரும்பகுதி பெருவிரலுக்கு மாறியது. பாதிகளைத் தோளகலத்துக்கு விலக்கி வைக்கலாம். உட்பக்கத்தை உயர்த்திக் கூடாரம்போல் சாய்த்தால் முன்கையின் முறுக்கும் குறையும்.

76 விசைகளுக்கும் தனித்தனியே கம்பி இழுப்பதென்றால் கட்டுபடியாகாது. ஆகவே நெசவில் பாவும் ஊடும் குறுக்கிடுவதுபோல் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இட்டு, அவை சந்திக்கும் இடங்களில் விசைகளை வைக்கின்றனர். ஒரு பாதியில் 6 வரிசையும் 7 நிரலும் என்றால் 13 கம்பிகளே 38 விசைகளையும் தாங்கிவிடும். ஆனால் ஒரே சமயத்தில் பல விசைகளை அழுத்தினால் மின்சாரம் தவறான வழியே திரும்பிப் பாய்ந்து, அழுத்தாத விசையையும் அழுத்தியதாகக் காட்டும். அதைத் தடுக்க ஒவ்வொரு விசைக்கும் ஒரு டையோடு. கடுகளவை விடச் சற்றே பெரிய இந்த டையோடின் ஒரு முனையில் கோடு இருக்கும். திசை மாற்றிப் பற்றவைத்தால் அந்த விசை ஊமையாகிவிடும். முதன்முறை செய்கிறவர்களுள் இதில் சறுக்காதவர் அரியர்.

வலப் பாதியில் டீன்சி என்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகை. இடப் பாதியில் அதற்குத் துணையாக ஒரு சில்லு. இரண்டையும் இணைப்பது காதொலிக் கருவிகளில் காணும் நான்கு தடக் கம்பி. மின்சாரத்துக்கு இரண்டு தடம், செய்திக்கு இரண்டு தடம். எந்த விசை எந்த எழுத்தைத் தர வேண்டும் என்பதையும், ஒரே விசை வெவ்வேறு அடுக்குகளில் வெவ்வேறு பணி செய்வதையும் உரிமையாளரே நிரலில் மாற்றிக்கொள்ளலாம்.

கூட்டு எதற்கு?

படம் இலவசம். பொருள் இலவசமன்று. மின்சுற்றுப் பலகையைத் தொழிற்சாலையில் ஒன்றிரண்டு செய்யச் சொன்னால் விலை மலைக்க வைக்கும். சுவிட்ச் விற்போர் நூற்றுக்கணக்கில் வாங்குவோருக்கே நல்ல விலை தருவர். பிளாஸ்டிக் உறைக்கு எஃகில் அச்சு வெட்ட வேண்டும். அச்சுக்கு 5,00,000 ரூபாய் ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 10 பேர் சேர்ந்தால் தலைக்கு 50,000 ரூபாய். 500 பேர் சேர்ந்தால் 1,000 ரூபாய். கூட்டுக் கொள்முதலின் இரகசியம் முழுவதும் இந்த வகுத்தல் கணக்கில் அடங்கிவிடும்.

எர்கோடாக்ஸை வடிவமைத்தவர்கள் இக்கணக்கை முன்பே எண்ணியிருந்தனர் என்று தோன்றுகிறது. இடப் பாதிக்கும் வலப் பாதிக்கும் ஒரே மின்சுற்றுப் பலகைதான். புரட்டிப் போட்டால் மற்றப் பாதி. இரண்டு வடிவத்துக்குப் பதில் ஒரே வடிவம் போதும் என்பதால் ஒரே ஆர்டரின் எண்ணிக்கை இருமடங்காகிறது. சான்பிரான்சிஸ்கோவில் 2012இல் தொடங்கிய மாஸ்டிராப் என்ற நிறுவனம் இதன் பாகங்களைத் தொகுத்து, சேருவோர் தொகை கூடக்கூட விலை படிப்படியாக இறங்கும் முறையில் பலமுறை விற்றது. வாங்கியவர்கள் பையைப் பிரித்து, டையோடுகளையும் சுவிட்சுகளையும் தாமே பற்றவைத்துக்கொண்டனர். பற்றவைக்கத் தெரியாதவர்களுக்காக, முழுதும் பூட்டிய எர்கோடாக்ஸ் ஈஸி என்ற பலகைக்கு 2015இல் வேறொரு குழுவினர் இண்டிகோகோ தளத்தின் வழியே பணம் திரட்டினர்.

நிறுவனம் இல்லாமல் தனியாள் நடத்தும் கொள்முதல்களும் ஏராளம். முதலில் விருப்பம் கேட்பார்கள். பிறகு மாதிரி செய்து படம் காட்டுவார்கள். அதன்பின் பணம் வாங்குவார்கள். அதன்பின்? காத்திருப்பு. ஆறு மாதம் என்றது ஓராண்டாகும். ஓராண்டு என்றது இரண்டாகும். வண்ணம் பிசகிற்று, திருகுத் துளை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிற்று, துறைமுகத்தில் பெட்டி நின்றுவிட்டது என்று காரணங்கள் வரும். பெரும்பாலும் உண்மையான காரணங்களே. 2020க்குப் பிந்திய ஆண்டுகளில் பணம் வாங்கிய கடைகள் சில பொருளும் தராமல் பணமும் தராமல் மூடப்பட்டதும் உண்டு. புதிய கொள்முதலுக்கு வந்த பணத்தைக் கொண்டு பழைய கொள்முதலின் கடனை அடைப்பதே இத்தகைய முறிவுகளுக்கு எளிய வழி. ஓட்டை விழுந்த ஏலச்சீட்டை அறிந்த நம் ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

தம்மிடம் இல்லாததை விற்கலாகாது என்பது வணிகத்தில் இஸ்லாம் வகுத்த பொது விதி. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அவ்வாறே தடுத்துரைத்தார்கள். ஆனால் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளோர் ஓராண்டு, ஈராண்டுக்குப் பின் வரப்போகும் பேரீச்சங்கனிக்கு முன்கூட்டியே பணம் கொடுத்துவந்தனர். அவ்வழக்கத்தை அவர்கள் ஒழித்துவிடவில்லை. அளவும் எடையும் தவணையும் இருதரப்பாரும் அறிந்தவையாக இருக்க வேண்டும் என்று நெறிப்படுத்தினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியே புகாரீயிலும் முஸ்லிமிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. ஃபிக்ஹு நூல்களில் 'ஸலம்' எனப்படும் முன்பண வணிகத்துக்கு இதுவே அடிப்படை. தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ள வேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடும் வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். திருக்குர்ஆனிலேயே நீண்ட வசனம் அதுதான்.

பேரீச்சங்கனி விளைவது. விசைப்பலகை செய்யப்படுவது. செய்வித்து வாங்குவதற்கு ஹனஃபீ மத்ஹபில் 'இஸ்திஸ்னா' என்ற தனி ஒப்பந்தம் உண்டு. நபி (ஸல்) அவர்கள் மோதிரம் செய்வித்ததையும் மிம்பர் செய்வித்ததையும் அம்மத்ஹபின் இமாம்கள் சான்றாகக் காட்டுகின்றனர். இதில் பணத்தை முழுதும் முன்னரே தர வேண்டியதில்லை. தவணையாகவும் தரலாம், பின்னரும் தரலாம். செய்து முடித்த பொருள் சொன்ன தன்மையில் அமைந்துவிட்டால் வாங்குபவர் மறுக்கக்கூடாது என்பது இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. 1876இல் நிறைவுற்ற உதுமானியரின் மஜல்லா சட்டத்தொகுப்பு, ஒப்பந்தம் முடிந்தபின் எந்தத் தரப்பும் பின்வாங்கலாகாது என்றே அமைத்தது.

ஷாஃபிஈ மத்ஹபினர் இதைத் தனி ஒப்பந்தமாகக் கொள்வதில்லை. ஸலமின் நிபந்தனைகளுக்குள்தான் வர வேண்டும் என்பர். முழு விலையும் ஒப்பந்தம் நடக்கும் அமர்விலேயே கைமாற வேண்டும். அத்துடன், பல பொருள்கள் கலந்து எது எவ்வளவு என்று வரையறுக்க முடியாதவற்றில் ஸலம் கூடாது என்ற இடத்தில் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், ஹரீஸா உணவையும் தோல் காலுறையையும் எடுத்துக்காட்டாகத் தருகிறது. விசைப்பலகையும் பல பொருள்களின் சேர்க்கைதானே என்று காயல்பட்டினத்து, கீழக்கரை வாசகர்கள் கேட்கலாம். அதன் சுவிட்சையும் டையோடையும் பெயர், எண், எண்ணிக்கை கொண்டு ஐயமின்றி வரையறுக்கலாம். கிண்டிய ஹரீஸாவைப் போல் அன்று என வாதிட இடமுண்டு. தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் பணி. அவரவர் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே முறை. பன்னாட்டு ஃபிக்ஹு அகாடமி 1992இல் ஜித்தாவில் கூடியபோது, இனம், வகை, அளவு, தன்மை, தவணை ஆகியவற்றை வரையறுத்துவிட்டால் இஸ்திஸ்னா இருதரப்பாரையும் கட்டுப்படுத்தும் என்று தீர்மானித்தது. செய்துதருபவர் தாமதித்தால் அபராதம் விதிக்கும் நிபந்தனையையும், அவர் கைமீறிய காரணம் இல்லாதவிடத்து, அனுமதித்தது.

இவற்றையெல்லாம் விட முதன்மையான கேள்வி ஒன்று இருக்கிறது. அதைத்தான் கூட்டுக் கொள்முதலில் எவரும் கேட்பதில்லை. பணம் வாங்குகிறவர் விற்பவரா, நம் வகீலா?

கூட்டுக் குர்பானியை எண்ணிப் பாருங்கள். ஒரு மாட்டுக்கு ஏழு பங்கு. பங்குப் பணத்தைச் சேர்க்கிறவர் மாட்டு வியாபாரி அல்லர். ஏழு பேரின் சார்பாக வாங்கித் தரும் வகீல். அவர் கையிலுள்ள பணம் அமானிதம். மாட்டின் விலை ஆயிரம் ரூபாய் குறைந்தால் அந்த ஆயிரம் ஏழு பேருக்கும் உரியது, அவர் சட்டைப்பைக்குரியதன்று. அவர் தம் அலைச்சலுக்குக் கூலி கேட்கலாம், ஆனால் எவ்வளவு என்று முன்னரே சொல்லிவிட வேண்டும். அவர் கவனக்குறைவின்றி நடந்தும் மாடு வழியில் இறந்துபோனால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை; கவனக்குறைவோ வரம்புமீறலோ இருந்தால் ஈடு கொடுத்தாக வேண்டும். மாறாக, அவரே தம் பட்டியிலிருந்து மாட்டை விற்கிறார் என்றால் இலாபம் அவருடையது. ஒப்படைக்கும்வரை நட்டமும் அவருடையது.

விசைப்பலகைக் கொள்முதல் நடத்துகிறவர்களுள் பலர், இலாபம் வரும்போது விற்பவராகவும் நட்டம் வரும்போது வெறும் வகீலாகவும் இருக்க விரும்புகின்றனர். பொருள் தாமதமானால் 'நான் உங்களில் ஒருவன், தொழிற்சாலைதான் காரணம்' என்பர். மிச்சப்பட்ட பணத்தின் கணக்கைக் கேட்டால் 'இது என் வணிகம்' என்பர். இரண்டில் ஒன்றைத்தான் அவர் சொல்ல முடியும். பணம் கட்டுமுன் அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நம் உரிமை.

விற்பவர் என்றால்: குறித்த நாளில் தரவில்லை எனில் காத்திருக்கவோ, கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறவோ வழியுண்டா? காத்திருந்த காலத்துக்காகக் கொடுத்த தொகைக்கு மேல் கேட்பது வட்டியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதால் அதை நாமும் கேட்கலாகாது. வகீல் என்றால்: தொழிற்சாலையின் விலைச்சீட்டைக் காட்டுவாரா? எங்கள் பணம் அவருடைய வீட்டுச் செலவுப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் இருக்குமா? கூலி எவ்வளவு?

மற்றொன்று. கூட்டத்தில் இடம் பிடித்துவிட்டு, பொருள் வருமுன்பே அந்த இடத்தைக் கூடுதல் விலைக்கு இன்னொருவருக்கு விற்பது ஆர்வலர்களிடையே சாதாரணம். ஸலமாகப் பணம் கொடுத்த பொருளைக் கைக்கு வருமுன் விற்பதைப் பெரும்பாலான இமாம்கள் தடுத்திருக்கின்றனர். கல்லூரிப் பிள்ளைகள் இதைப் புத்திசாலித்தனமான வருமானம் என்று எண்ணக்கூடும். பெற்றோர் இதைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

ஒரு தம்பதியரின் பலகை

விற்பவர் என்ற பொறுப்பை ஏற்றால் அது எவ்வளவு கனமானது என்பதற்கு ஜெஸ்ஸி வின்சென்ட், காயா டெக்கர் என்ற அமெரிக்கத் தம்பதியரின் வரலாறு சான்று. கீபோர்டியோ என்ற பெயரில், மேப்பிள் மரத்தால் உறை செய்த, இரு பாதியாகப் பிரியும் பலகைக்கு 2015இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பணம் திரட்டினர். ஆறு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 64 விசைகள், விரலின் வளைவுக்கேற்பக் குடைந்த தனித்தனி வடிவ மூடிகள். அழகுக்கு அழகு, அச்சுக்கு அச்சு செலவு. சீனத் தொழிற்சாலையில் மரமும் பிளாஸ்டிக்கும் சொன்னபடி கேட்கவில்லை. பணம் கொடுத்தவர்களுக்குப் பலகைகள் சேர 2017இன் இறுதியும் 2018உம் ஆயின.

2018இல்தான் பேரிடி. தொழிற்சாலைத் தரப்பில் அவர்களுடைய கணக்கைக் கவனித்துவந்த ஊழியர் ஒருவர், அவர்களிடமிருந்தும் தொழிற்சாலையிடமிருந்தும் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கையாடியிருந்தது வெளிப்பட்டது. தாமதத்துக்கு அவர் சொல்லிவந்த காரணங்களில் பல கட்டுக்கதைகள். தம்பதியர் அதை மூடிமறைக்கவில்லை. எங்கே ஏமாந்தோம், எந்தப் பணம் யாரிடம் போயிற்று என்று வாங்கியவர்களுக்கே விரிவாக எழுதிவிட்டனர். 'திருடன் அவன், நாங்கள் என்ன செய்வோம்' என்று ஒதுங்கவும் இல்லை. பலகைகள் போய்ச் சேர்ந்தன, நிறுவனமும் பிழைத்தது. அவர்கள் ஃபிக்ஹு படித்தவர்கள் அல்லர். ஒப்படைக்கும்வரை நட்டம் விற்பவருடையது என்ற விதியை நடத்திக் காட்டியவர்கள்.

வாங்க எண்ணுவோருக்கு

பத்தாண்டுகளுக்கு முன்னிருந்த நிலை இன்று இல்லை. மின்சுற்றுப் பலகைகளை 5 என்ற எண்ணிக்கையிலேயே சீனத் தொழிற்சாலைகள் மலிவாகச் செய்துதருகின்றன. உறையை முப்பரிமாண அச்சில் எடுத்துக்கொள்ளலாம். எனவே நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்தாலே போதும். முகம் அறியாத ஐந்நூறு பேர் தேவையில்லை. வெளியிடப்பட்ட படங்கள் நிறைய இருக்கின்றன. எஃகு அச்சு தேவைப்படும் உறைக்கும், வண்ண மூடிகளுக்கும், அலுமினிய வேலைக்குமே பெருங்கூட்டம் இன்னும் தேவை. கை வலிக்காக வாங்குகிறவர் அழகு மூடிக்காக இரண்டாண்டு காத்திருக்க வேண்டிய அவசியம் என்ன? இருப்பிலுள்ள எளிய பிளந்த பலகை ஒன்றை வாங்கி, கைக்குப் பழகுகிறதா என்று முதலில் பார்ப்பதே நம் பரிந்துரை. முதல் சில வாரங்கள் வேகம் பாதியாகக் குறையும். அவசர வேலை குவிந்திருக்கும் மாதத்தில் தொடங்க வேண்டாம்.

தமிழில் எழுதுவோர் மட்டும் கவனிக்க வேண்டிய செய்திகள் சில உண்டு. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கையிலும், வ, ங நீங்கலாக மெய்கள் வலக்கையிலும் அமைந்துள்ளன. பிளந்த பலகைக்கென்றே வகுத்ததுபோல் கைகள் மாறி மாறி இயங்கும். ஆனால் ச, ஞ இரண்டும் வலக்கையின் மேல் வரிசைக் கடைசியில், ஆங்கில எழுத்துகளுக்கும் அப்பால் அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. 42 விசை கொண்ட சிறு பலகைகளில் ஞ-வுக்கு இடமே இராது. எர்கோடாக்ஸிலும் அடைப்புக்குறிகள் வழக்கமான இடத்தில் இல்லை. சிறிய பலகையின் அழகில் மயங்கி வாங்கிவிட்டு, 'ஞாயிறு' எழுத அடுக்கு மாற்றிக்கொண்டிருப்பது பெருந்தொல்லை. வலப் பாதியில் சுண்டுவிரலுக்கு வெளியே இரண்டு விசையேனும் உள்ளதாகப் பார்த்து வாங்குக. இல்லையேல் நிரலில் முதலிலேயே இடம் ஒதுக்கிக்கொள்க.

ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் அவ்வமைப்பில் இடக்கை மேல் வரிசையில் ஷிஃப்ட்டோடு சேர்ந்து வருபவை. பிறர் எழுத்தில் அவை எப்போதாவது வரும். நம் பக்கங்களிலோ ஹதீஸ், ஹஜ்ஜு, ஸலாம், ஷரீஅத் என்று வரிக்கு வரி வரும். ஒவ்வொரு முறையும் வலச் சுண்டுவிரல் நீண்டு ஷிஃப்ட்டைப் பிடிக்க வேண்டும். பிளந்த பலகை வந்த அன்றே ஷிஃப்ட்டை வலப் பெருவிரல் கொத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாதிகளை இணைக்கும் கம்பி நான்கு தடக் கம்பியாக இருந்தால், கணினியிலிருந்து பலகையைக் கழற்றிய பின்னரே அதைச் செருகவும் பிடுங்கவும் வேண்டும். மின்சாரம் ஓடும்போது இழுத்தால் தடங்கள் ஒன்றோடொன்று உரசிச் சில்லு கருகிவிடும்.